பலூனும் லேபிளும்: காமிக்ஸ் எழுத்துக்காரராகப் பிழைக்கும் வழி

காரியாபட்டியில் இருந்துகொண்டு காமிக்ஸுக்கு எழுத்து வரைந்து சம்பாதிக்க முடியுமா என்று கேட்டால், காமிக்ஸை மட்டும் நம்பினால் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். தமிழில் தொடர்ந்து காமிக்ஸ் போடும் பதிப்பகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் மாதாமாதம் தரும் பக்கங்கள் ஒரு வீட்டு அடுப்பை வருடம் முழுக்க எரிய வைக்காது. ஆனால் ஒரு சின்னப் பேச்சு பலூனுக்குள் தமிழை நெருக்காமலும் நசுக்காமலும் உட்கார வைக்கப் பழகிய கைக்கு பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை, புத்தக அட்டை என்று எல்லாப் பக்கமும் வேலை இருக்கிறது. அதனால்தான் இந்த அத்தியாயத்தில் பலூனையும் லேபிளையும் பிரிக்காமல் சேர்த்தே சொல்கிறேன்.

நமக்கு ஊர் அமைந்த இடமும் தோதானது. வடக்கே போனால் மதுரை. காதுகுத்து முதல் கட்சி மாநாடு வரை எல்லாவற்றுக்கும் சுவரை நிறைக்கும் எழுத்து கேட்கும் ஊர் அது. இந்தப் பக்கம் மல்லாங்கிணறு வழியாக விருதுநகர் போய் பஸ் மாறினால் சிவகாசி. காலையில் கிளம்பினால் நீங்கள் போட்ட டிசைன் மெஷினில் ஓடுவதைப் பார்த்துவிட்டு சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். பெருநகரங்களில் வேலை செய்யும் எத்தனையோ டிசைனர்கள் தங்கள் எழுத்து மெஷினில் ஏறுவதை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. இந்த வசதியை வீணாக்காதீர்கள்.

நம் பக்கத்துக் கதை

தமிழ் காமிக்ஸின் தலைநகரம் சென்னை இல்லை, சிவகாசி. காரணம் அச்சு. ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்ததும் அதன் மேல் ஒட்ட லேபிள் தேவைப்பட்டது, லேபிளுக்காக அச்சாபீஸ்கள் வந்தன, பிறகு பட்டாசு உறை, காலண்டர், நோட்டு அட்டை எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. இவ்வளவு மெஷின் ஓடும் ஊரில் 1972-இல் மு. சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த கதைக்கு இங்கே தமிழ்ப் பேச்சும் தமிழ்ப் பெயரும் கிடைத்தன. 1984-இல் அவர் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் அதே வருடம்தான் வந்தது. ராணி நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. லயனும் முத்துவும் இடையிடையே தொய்ந்தாலும் 2012-க்குப் பிறகு வண்ணத்திலும் நல்ல தாளிலும் புது வேகம் எடுத்தன. டெக்ஸ் வில்லர், லக்கி லூக், கேப்டன் டைகர், லார்கோ வின்ச் எல்லாரும் இன்று சிவகாசியில் இருந்துதான் தமிழ் பேசுகிறார்கள்.

அந்தப் பழைய இதழ்களை எங்கே கண்டாலும் வாங்கிப் பாருங்கள். கதைக்காக அல்ல, எழுத்துக்காக. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் வெளிநாட்டுப் பக்கத்தின் பிரதியை எடுத்து, பலூனுக்குள் இருந்த ஆங்கிலத்தை வெள்ளைப் பெயின்ட் வைத்து மறைத்து, மேலே தமிழைக் கையால் எழுதுவார்கள் அல்லது தனித்தாளில் எழுதி ஒட்டுவார்கள். பிறகு நெகட்டிவ், பிளேட், மெஷின். மூலத்தில் சின்னப் பலூன் இருந்து தமிழ் நான்கு வரி வந்துவிட்டால், ஆர்ட்டிஸ்டே பலூனைக் கொஞ்சம் இழுத்து விடுவார். இழுத்த இடத்தில் பின்னால் நிற்கும் குதிரையின் காது காணாமல் போயிருக்கும். சிரிப்பாக இருந்தாலும் உற்றுப் பார்த்தால் ஒரு பெரிய பாடம் தெரியும். எதை மறைத்தால் கதை கெடாது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. காதை மறைத்தார், துப்பாக்கியை மறைக்கவில்லை.

பழைய இதழ்களில் இன்னொன்றும் கண்ணில் படும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் வந்தவற்றில் துதிக்கை வைத்த லை, னை, வளைந்த றா, னா எல்லாம் இருக்கும். பழைய கதையை மறுபதிப்பு செய்யும்போது அட்டைத் தலைப்பில் அந்த வடிவம் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைய ஃபான்டுகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. கையால் வரையத் தெரிந்தவருக்குத்தான் அந்த வேலை.

ஒரு பலூனை நிரப்புவது

இனி கைவேலைக்கு வருவோம். இந்தத் தொழிலின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது.

ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ இத்தாலிய மொழிக்கோ அளவெடுத்து வரைந்த பலூன்தான் உங்கள் கைக்கு வரும். இப்போது உரிமம் வாங்கி வெளியிடும் ஆல்பங்களில் எழுத்து தனி அடுக்காக இருப்பதால் வெள்ளைப் பெயின்ட் வேலை மிச்சம். ஆனாலும் பலூனின் அளவு அதேதான். தமிழிலோ சொல்லோடு சொல் ஒட்டி நீண்டுகொண்டே போகும். மூலத்தில் ஆறு குட்டிச் சொற்கள், மூன்று வரி, சுற்றிலும் காற்று. மொழிபெயர்ப்பு இப்படி வந்திருக்கிறது: "அவன் இவ்வளவு நேரமும் நம்மைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறான்!" கடைசிச் சொல் மட்டும் பதினேழு எழுத்து. பலூனின் அகலத்துக்கு அது வராது. எழுத்தைச் சிறிதாக்கினால் பக்கத்தில் இந்தப் பலூன் மட்டும் முணுமுணுப்பது போல் இருக்கும். நடுவில் உடைத்தால் படிப்பவர் தடுக்கி விழுவார்.

இந்த இடத்தில் ஆசிரியரிடம் போய், "இவ்வளவு நேரமும் அவன் கண்ணு நம்ம மேலதான்! என்று வைக்கலாமா?" என்று கேளுங்கள். இதுவும் ஆறு சொல்தான். முதல் வரியில் "இவ்வளவு". நடுவரியில் "நேரமும் அவன் கண்ணு". கடைசி வரியில் "நம்ம மேலதான்!" மேலும் கீழும் ஒடுங்கி நடு அகன்று, முட்டை வடிவப் பலூனில் தானாக உட்கார்ந்துவிடும். அடிக்க வேண்டிய சொல் கடைசி வரியில் தனியாக நிற்கிறது பாருங்கள். வசனத்தை நீங்களாக மாற்றும் உரிமை உங்களுக்கு இல்லை. கேட்கும் உரிமை உண்டு, கேட்காமல் எழுத்தைச் சுருக்குவதுதான் தவறு. நல்ல ஆசிரியர்கள் இப்படிக் கேட்பவரை மறக்க மாட்டார்கள்.

சொல்லை உடைத்தே ஆக வேண்டும் என்றால் பொருள் பிரியும் இடத்தில் உடையுங்கள். "போய்க்" ஒரு வரி, "கொண்டிருந்தான்" அடுத்த வரி என்றால் கண் தாங்கும். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கினால் தாங்காது. கொம்பு ஒரு வரியிலும் கால் அடுத்த வரியிலும் போய் விழும் விபத்து பழைய மென்பொருளில் இன்றும் நடக்கிறது. வேலை முடிந்ததும் அதற்கென்றே ஒருமுறை பக்கத்தை மேய்ந்து பாருங்கள்.

தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. அமெரிக்க காமிக்ஸ் பெரும்பாலும் பெரிய எழுத்திலேயே ஓடுவதால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். நம் எழுத்துக்கு மேலே விலங்கும் (வி, வீ-யின் மேல்வளைவு) புள்ளியும், கீழே ஞ, மூ, ழு இவற்றின் வாலும் உண்டு. பத்து பாயின்ட் எழுத்துக்கு வரி இடைவெளி பதின்மூன்று பாயின்டாவது வேண்டும். குறைத்தால் மேல் வரியின் வால் கீழ்வரியின் விலங்கில் சிக்கும். கையால் பழகும்போது இரண்டு கோட்டு நோட்டு போதாது, நான்கு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நடு இரண்டும் உடலுக்கு, மேல்கோடு விலங்கின் உச்சிக்கு, கீழ்க்கோடு வாலின் நுனிக்கு. இரண்டு சுழி னகரத்தையும் மூன்று சுழி ணகரத்தையும் ஒரே அகலத்தில் அடக்கப் பார்க்காதீர்கள். ண-வுக்கு அது கேட்கும் இடத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஃபான்ட் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இலவசமாக, வணிகப் பயன்பாட்டுக்கும் அனுமதியோடு கிடைப்பவற்றில் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் கையெழுத்துச் சாயலில் சற்றே சாய்ந்து நிற்கும். பேச்சுக்கு எடுத்துப் பார்க்கலாம். பலூ தம்பி தடித்த, உருண்ட எழுத்து. கூச்சலுக்கும் குழந்தைக் கதைக்கும் பொருந்தும். இரண்டுமே பேச்சு பலூனுக்கென்று செய்தவை அல்ல. உங்கள் கையெழுத்தையே ஃபான்டாக மாற்றக் கற்றுக்கொண்டால் அந்தச் சொத்து வேறு யாரிடமும் இருக்காது.

குரல்

எழுத்தைப் பார்த்ததும் குரல் கேட்க வேண்டும். இதில் உலகமே பார்த்து வியக்கும் ஒருவர் அமெரிக்காவின் டாட் கிளைன். 1977-இல் டிசி நிறுவனத்தின் தயாரிப்புப் பிரிவில் பக்கங்களைத் திருத்தும் வேலையில் சேர்ந்தவர். எழுத்து வரைவுக்கான ஐஸ்னர் விருதைப் பத்துக்கும் மேற்பட்ட முறை வாங்கியிருக்கிறார். சாண்ட்மேன் தொடரில் கனவுகளின் தலைவன் பேசினால் கறுப்புப் பலூனில் வெள்ளை எழுத்து, பலூனின் ஓரம் நெளிந்துகொண்டிருக்கும். அவன் தங்கை பேசினால் வண்ணங்கள் கலங்கி ஓடும். யார் பேசுகிறார் என்று பலூனின் வாலைப் பார்க்கவே தேவையில்லை. லோகோவிலும் அவர் பேர்பெற்றவர். அவருக்கு முந்திய தலைமுறையில் கேஸ்பர் சலடினோ, அதற்கும் முன்னால் சூப்பர்மேன் தலைப்பெழுத்தைச் செப்பனிட்ட ஐரா ஷ்னாப். மூன்று பேருமே பக்கத்துக்குள் எழுத்தும் அட்டைக்கு லோகோவும் இரண்டும் செய்தவர்கள். இந்த இரட்டைத் தொழில் நாம் கண்டுபிடித்த பிழைப்பு வழி அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் சாண்ட்மேன் உத்திகளைத் தமிழில் அப்படியே காப்பி அடிக்காதீர்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து நம் தாளில் என்ன பாடு படும் என்று பின்னால், மெஷின் பற்றிய பகுதியில் வருகிறது. நம்மிடம் வேறு வசதிகள் உண்டு. கிழவியின் பேச்சில் எழுத்தின் கோடு லேசாக நடுங்கலாம். ரோபோ பேசினால் வட்டங்களையெல்லாம் சதுரமாக்கலாம். தமிழில் வட்டம் அதிகம் என்பதால் மாற்றம் பளிச்சென்று தெரியும். கத்தும்போது தடித்த எழுத்தும் கிசுகிசுக்கும்போது புள்ளிக்கோட்டுப் பலூனும் எங்கும் உள்ள பழக்கம்தான்.

ஓசைக்கு வந்தால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடமே வேண்டாம். பிஜிலி வெடியின் "டப்", அணுகுண்டின் "டமார்", புஸ்வாணத்தின் "ஸ்ஸ்ஸ்", ராக்கெட்டின் "விஷ்ஷ்" எல்லாம் காதுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழ் காமிக்ஸ் வாசகருக்குத் துப்பாக்கி என்றால் "டுமீல்". அதை மாற்றி வேறு வைத்தால் கடிதம் போட்டுச் சண்டைக்கு வருவார்கள். வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள். தமிழ் ஓசைச்சொற்கள் மெய்யெழுத்து நிறைந்தவை. "விர்ர்ர்ர்" என்று எழுதினால் தலைக்கு மேல் நான்கு புள்ளி வரிசையாக நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும்போது புள்ளியையும் அதே கணக்கில் பெரிதாக்கினால் அது கல்லு மாதிரி உட்கார்ந்துவிடும். புள்ளியைக் கொஞ்சம் குறைத்தே வளர விடுங்கள்.

தலைப்பெழுத்தும் லோகோவும்

கற்பனையாக ஒரு தலைப்பு எடுத்துக்கொள்வோம்: புயல் வீரன். இரண்டு வரியாக அடுக்கச் சொல்கிறார்கள், மேலே புயல், கீழே வீரன். இடப்பக்கம் நேராக வைத்து எழுதிப் பாருங்கள். பு-வின் வால் கீழே இறங்குகிறது. வீ-யின் விலங்கு மேலே சுழன்று எழுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் மோதும். புதியவர்கள் வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டித் தப்பிப்பார்கள். உடனே தலைப்பு இரண்டு துண்டாகிவிடும். கீழ்வரியை அரை எழுத்து வலப்பக்கம் தள்ளினால் மோதல் தீரும், தலைப்புக்குச் சாய்ந்த ஓட்டமும் கிடைக்கும். அதைவிடத் துணிச்சலான வழி, வாலையும் விலங்கையும் ஒரே கோடாக இணைத்து மின்னல் மாதிரி இழுப்பது. ஆனால் இணைத்த பிறகும் பு பு-வாகவும் வீ வீ-யாகவும் தெரிய வேண்டும். இணைப்பில் வி-யா வீ-யா என்று குழப்பம் வந்தால் கைவிட்டுவிடுங்கள்.

புள்ளியை நெருப்பாகவோ நட்சத்திரமாகவோ குண்டாகவோ மாற்றுவது நம் பக்கத்தில் எல்லா டிசைனருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பட்டாசு லேபிள்களில் அதைப் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துவிட்டது. தலைப்பில் இரண்டு புள்ளி இருந்தால் ஒன்றில் வேண்டுமானால் செய்யுங்கள்.

லேபிள் கேட்டு வரும் அண்ணாச்சிகளின் எதிர்பார்ப்பு வேறு. "தம்பி, பத்தடி தள்ளி நின்னு பாத்தா எங்க பேரு தெரியணும், அம்புட்டுதான்." இதில் உங்களுக்கு ஒரு பரீட்சை இருக்கிறது. தமிழ் தெரியாத வட மாநிலத்துக் கடைக்காரரும் அந்தப் பெட்டியை அடையாளம் காண வேண்டும். சேவல், மயில், அணில் என்று சிவகாசிச் சின்னங்கள் மிருகமும் பறவையுமாக இருப்பது சும்மா இல்லை. எழுத்துக்கும் சின்னத்துக்கும் நடுவே யார் முன்னால், யார் பின்னால் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். 2018-இல் பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் பசுமைப் பட்டாசு முத்திரைக்கும் க்யூஆர் கோடுக்கும் பெட்டியில் இடம் விட வேண்டியிருக்கிறது. அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் லோகோவை வையுங்கள். கடைசியில் ஓரத்தில் திணிக்கலாம் என்று நினைத்தால் லோகோதான் சுருங்கும்.

மெஷின் பக்கத்தில் நில்லுங்கள்

சிஸ்டத்தில் அழகாகத் தெரிவது தாளில் அழகாக வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நான்கு வண்ண அச்சில் நான்கு பிளேட் ஒன்றன் மேல் ஒன்றாக விழ வேண்டும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் "ரிஜிஸ்டர் அடிச்சிருச்சு" என்பார்கள். பேச்சு எழுத்து நான்கு வண்ணமும் கலந்த கறுப்பாக இருந்தால் அந்த நகர்வில் ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பிலும் நீலத்திலும் நிழல் விழுந்து படிக்கவே முடியாது. எனவே எழுத்து எப்போதும் கறுப்பு ஒன்று மட்டும் நூறு சதவீதம், மற்ற மூன்றும் சுழியம், ஓவர்பிரின்ட் போட்டது. இதை மட்டும் சரியாகச் செய்து அனுப்பினாலே அச்சாபீஸ்காரர் உங்கள் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வார்.

கறுப்பில் வெள்ளை எழுத்து இதற்கு நேர் எதிர். மை உள்ளே பரவி வெள்ளையைத் தின்னும். ழ, ண இவற்றின் சுழிக்குள் இருக்கும் ஓட்டை முதலில் அடைபடும், வளையப் புள்ளி உருண்டைப் புள்ளியாகும், கடைசியில் அதுவும் மறையும். மட்டமான தாளில் இன்னும் மோசம். கறுப்புப் பலூன் தவிர்க்க முடியாதது என்றால் எழுத்தைத் தடிக்க வையுங்கள், ஒரு பாயின்ட் அளவைக் கூட்டுங்கள், பின்னால் வெறும் கறுப்பு மட்டும் இருக்கும்படி பாருங்கள்.

அடுத்து ஃபைல் அனுப்புவது. நம் பக்கத்து அச்சாபீஸ்களில் கோரல் டிராதான் நடப்பு. பழைய குறியீட்டு ஃபான்டுகளும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் யூனிகோடில் அடித்து அனுப்பியது அங்கே திறந்ததும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதனால்தான் "கர்வ் போட்டு அனுப்புங்க" என்று போனில் சொல்கிறார்கள். எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிவிட்டால் எங்கே திறந்தாலும் மாறாது. பிறகு ஒரு ஒற்றைப் பிழையைக்கூட அடித்துத் திருத்த முடியாது என்பதையும் மறக்காதீர்கள். ப்ரூஃப் முழுக்கப் பார்த்துக் கையெழுத்து வாங்கிய பிறகே கர்வ். மாற்றுவதற்கு முந்திய ஃபைலைத் தனியாக வையுங்கள். இன்டிசைனில் வேலை செய்பவர்கள் பல மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுத்த பிறகே தமிழை உள்ளே கொட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் பக்கத்திலேயே தலைவலி.

முறையாகப் படிக்க விரும்பினால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அச்சுப் பக்கம் என்றால் தரமணியில் அரசு அச்சுத் தொழில்நுட்பப் பயிலகம், கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அச்சு மற்றும் பேக்கேஜிங் தொழில்நுட்பம். வீட்டில் வசதி இல்லாவிட்டால் சிவகாசியில் ஒரு டிசைன் கடையிலோ அச்சாபீஸிலோ ஒரு வருடம் உட்காருங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் பிளேட் போடுபவரிடமும் மெஷின்மேனிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வதை எந்தக் கல்லூரியும் அந்த வேகத்தில் சொல்லித் தராது.

வருடக் கணக்கு

இந்தத் தொழிலில் வேலை மாதம் பார்த்து வரும். பட்டாசு லேபிள் வேலை தீபாவளிக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும். வருடத் தொடக்கத்திலிருந்து கோடைக்குள் புது ரகங்களுக்கு உறை கேட்பார்கள். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டுப் பூஜை போடுவார்கள். அதற்கு முந்திய இரண்டு மாதம் காலண்டர் டிசைனுக்கு, பிந்திய நான்கைந்து மாதம் ஆர்டர் கொடுத்தவர்களின் கடைப் பெயரை அட்டையில் ஏற்றும் வேலைக்கு. தை, வைகாசி, ஆவணியில் கல்யாணப் பத்திரிகை. காமிக்ஸில் ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியும் ஆகஸ்ட் ஈரோடு புத்தகத் திருவிழாவும் முக்கியம். கனமான ஸ்பெஷல் இதழ்கள் அப்போதுதான் வரும். இரத்தப் படலம் தொடரின் பதினெட்டுப் பாகங்களை 2010-இல் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தது போன்ற வேலை ஒன்று வந்து விழுந்தால் மற்ற எதற்கும் கை ஒழியாது. ஆகவே காலண்டரையும் காமிக்ஸையும் டிசம்பரில் ஒன்றாக ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காசும் உரிமையும்

காமிக்ஸுக்குப் பக்கக் கணக்கில் பேசுவதுதான் வழக்கம். பேசுவதற்கு முன்னால் கதையைப் புரட்டிப் பாருங்கள். லக்கி லூக் ஆல்பத்தின் ஒரு பக்கத்தில் இருக்கும் பேச்சும், டெக்ஸ் கதையில் குதிரைகள் வெறுமனே ஓடும் ஒரு பக்கமும் ஒரே கூலிக்கு ஒத்துவராது. ஓசை எழுத்து வரைவதற்குத் தனிக் கணக்கு கேளுங்கள். மொழிபெயர்ப்பில் மாற்றம் வந்தால் இரண்டு முறை வரை இலவசம், அதற்கு மேல் காசு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். லோகோவைப் பக்கக் கூலியோடு சேர்த்து விற்காதீர்கள். பக்கம் ஒருமுறை அச்சாகும், லோகோ வருடக்கணக்கில் சம்பாதித்துக் கொடுக்கும். லேபிள் வேலையில் பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு தொடங்குவது நல்லது.

உரிமையைப் பற்றி இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொண்டால் போதும். 1957-இன் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். வாய்ப்பேச்சில் "எல்லாம் உங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தால் இரண்டு பக்கத்துக்கும் பிற்பாடு சிக்கல். 1999-இன் வணிகச் சின்னச் சட்டத்தில் பட்டாசு 13-ஆம் வகுப்பு, தீப்பெட்டி 34, அச்சுப் பொருட்கள் 16. இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்குத் தனிநபரும் சிறு நிறுவனமும் 4,500 ரூபாய், மற்றவர்கள் 9,000 ரூபாய். பதிவு பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவு செய்ய வேண்டியது வாடிக்கையாளர்தான். ஆனால் இதைச் சொல்லிக் கொடுக்கும் டிசைனரிடம் அவர் அடுத்த லேபிளுக்கும் வருவார்.

வேறொருவர் லேபிளைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இதே மாதிரி, பேரை மட்டும் மாத்திப் போடுங்க" என்பவர்கள் கண்டிப்பாக வருவார்கள். சண்டை போட வேண்டாம். அந்த லேபிளில் எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். வண்ணமா, எழுத்தின் தடிப்பா, நடுவில் இருக்கும் படமா? பெரும்பாலும் வண்ணமாகத்தான் இருக்கும். அந்த வண்ணத்தில் வேறு எழுத்து வரைந்து காட்டினால் முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவரை அனுப்பிவிடுங்கள்.

பெயர் போடுவது பற்றியும் கேளுங்கள். வெளிநாட்டு காமிக்ஸில் எழுத்து வரைந்தவர் பெயர் ஓவியர் பெயருக்குப் பக்கத்திலேயே வரும். நம்மிடம் அந்தப் பழக்கம் இன்னும் வேர்பிடிக்கவில்லை. கூலி பேசும்போதே இதையும் பேசிவிட வேண்டும். புத்தகம் பைண்டிங்குக்குப் போன பிறகு பேசி ஒன்றும் ஆகாது.

மாதிரிக் கோப்பு

பதிப்பாளரைப் பார்க்கப் போகும்போது எடுத்துப் போகும் கோப்பில் பத்துப் பக்கம் இருந்தால் தாராளம். பேச்சு அதிகமுள்ள பக்கம் ஒன்று, சண்டைக் காட்சி ஒன்று, மூன்று பேர் மாறி மாறிப் பேசும் பக்கம் ஒன்று கட்டாயம் வேண்டும். படத்துக்கு உங்கள் ஊர் ஓவிய நண்பரைப் பிடியுங்கள். பிரபலமான கதையின் பக்கத்தை இணையத்தில் இருந்து இறக்கி மேலே எழுதிக் காட்டினால் உரிமத்துக்குக் காசு கொடுத்து வாங்குபவருக்கு முகம் சுளிக்கும். லோகோ நான்கைந்து போதும். ஒவ்வொன்றையும் ஒரு முறை பெரிதாகவும், ஒரு முறை தீப்பெட்டி அளவிலும், ஒரு முறை வெறும் கறுப்பு வெள்ளையிலும் அச்சிட்டு வையுங்கள். போனில் காட்ட வேண்டாம், தாளில் காட்டுங்கள். முடிந்தால் மெஷினில் ஓடிய தாளையே காட்டுங்கள். டிசம்பரில் போகாதீர்கள், புத்தகக் காட்சி வேலையில் யாருக்கும் நின்று பேச நேரமிருக்காது. பிப்ரவரி இரண்டாவது வாரம் வாக்கில், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.